பழைய பேஸ்பால் கார்டு: படத்தைப் பார்த்தே நிலையை அறிவது எப்படி?

2022 ஆகஸ்டில் ஒரு சிறிய அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படத்தோடு டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட கார்டு அது, வரிசையில் எண் 311. அதே ஆண்டில் அச்சான அதே எண் கார்டு இன்னொன்று, மூலை மழுங்கி நடுவில் மடிப்பு விழுந்திருந்தால், சில பத்தாயிரம் டாலருக்கே கிடைத்துவிடும். இரண்டிலும் ஒரே ஆட்டக்காரர், ஒரே படம். விலையில் இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்குவது கார்டின் நிலை, சேகரிப்பவர்கள் கண்டிஷன் என்று சொல்வது.

கடையிலோ கார்டு கண்காட்சியிலோ வாங்கினால் கார்டைக் கையில் எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்க்கலாம். இணையத்தில் நம்மிடம் இருப்பது படம் மட்டும், அதையும் எடுத்தவர் விற்பவர். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் கேமராவோ ஸ்கேனரோ சிலவற்றைக் காட்டும், சிலவற்றை மறைத்துவிடும். எது மறையும் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பழக்கத்தின் முதல் பாடம்.

பழைய கார்டு என்று நான் இங்கே சொல்வது ஏறக்குறைய 1980-க்கு முந்தையவற்றை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த டி206 வரிசை, 1933-இல் கௌடி நிறுவனம் சூயிங்கம்மோடு சேர்த்து விற்றவை, 1948 முதல் 1955 வரை வந்த போமன் கார்டுகள், 1952 முதல் டாப்ஸ் வெளியிட்ட பெரிய வரிசைகள். இவற்றில் எதையும் பத்திரப்படுத்தி வைப்பதற்காக யாரும் அச்சிடவில்லை. பையன்கள் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிச் சடசடவென்று ஓடவிட்டார்கள், சுவரில் வீசி விளையாடினார்கள், ஆல்பத்தில் பசை தடவி ஒட்டினார்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஷூ பெட்டியில் போட்டு வைத்தார்கள்.

1952 டாப்ஸ் வரிசையின் முதல் எண் ஆண்டி பாஃப்கோவுடையது. எண் வரிசையில் அடுக்கிக் கட்டும்போது ரப்பர் பேண்டின் அழுத்தம் நேராக அந்தக் கார்டின் மேல்தான் விழும். அதனாலேயே நல்ல நிலையில் பாஃப்கோ கார்டு கிடைப்பது அரிது. மேன்டில் அளவுக்குப் பெயர் பெறாத ஒருவரின் கார்டு, நன்றாக இருந்தால் பெரிய விலைக்குப் போவது இதனால்தான். அறுபது எழுபது வருடம் ஆன கார்டில் தேய்மானம் இருப்பது இயல்பு. அப்படி ஏதும் இல்லாமல் பளிச்சென்று இருந்தால்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

எண்களும் பெயர்களும்

கார்டைச் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ இவற்றில் பிரபலமானது. எஸ்.ஜி.சி, பெக்கெட் ஆகியவையும் உண்டு. அந்த உறையை ஸ்லாப் என்பார்கள். உறையில்லாத, மதிப்பெண் வாங்காத கார்டு ரா கார்டு.

மதிப்பெண்ணுக்கு வைத்திருக்கும் பெயர்கள்தான் புதிதாக வருபவர்களைத் தடுமாற வைக்கும். பி.எஸ்.ஏ கணக்கில் 'குட்' என்பது வெறும் 2. 'வெரி குட்' 3, 'எக்ஸலன்ட்' 5, 'நியர் மின்ட்' 7, 'மின்ட்' 9. ஆக, விற்பவர் 'குட் கண்டிஷன்' என்று எழுதினால் அவர் பொய் சொன்னதாக ஆகாது. மூலைகள் உருண்டு, மடிப்பு விழுந்து, மேற்பரப்பு நன்றாகவே தேய்ந்த கார்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ரா கார்டுக்கு விற்பவரே 'நியர் மின்ட்' என்று போட்டிருந்தால் நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. படம் என்ன சொல்கிறது என்பதுதான் பேச்சு.

பிறவிக் குறையும் வாழ்ந்த தழும்பும்

கார்டின் குறைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். அச்சகத்திலேயே வந்தவை ஒரு வகை, பிறகு கைபட்டு வந்தவை இன்னொரு வகை.

அச்சகக் குறைகளில் முதலாவது சென்டரிங். அச்சடித்த பெரிய தாளை வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகர்ந்தால் ஒரு பக்க பார்டர் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் போய்விடும். இதைத் திரையிலேயே அளக்கலாம், படம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது முக்கியமில்லை, விகிதம் மாறாது. இடது பார்டர் 3 மி.மீ., வலது பார்டர் 2 மி.மீ. என்றால் மொத்தம் 5. எனவே 60-க்கு 40. மேலும் கீழும் இதே கணக்கு. பி.எஸ்.ஏ அளவுகோலில் 9 பெறும் கார்டின் முன்பக்கம் சுமார் 60-40 வரை நகர்ந்திருக்கலாம், 8-க்கு 65-35, 7-க்கு 70-30. மூலைகள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் 80-20 என்று ஒதுங்கிப்போன கார்டுக்குக் குறையேதும் குறிக்காத 8 கிடைக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில் இந்தக் கணக்கு தப்பிவிடும். கார்டின் எதிரெதிர் ஓரங்கள் இணையாகத் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது வண்ண நகர்வு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடு. ஒன்று சிறிது விலகினாலும் ஆட்டக்காரரின் முகம் கலங்கித் தெரியும். இது கார்டின் குறையா, மோசமான படத்தின் குறையா என்று எப்படிப் பிரிப்பது? பின்பக்கத்திலோ பெயர்ப் பட்டையிலோ உள்ள கறுப்பு எழுத்தைப் பாருங்கள். எழுத்து கூர்மையாகவும் முகம் மட்டும் கலங்கலாகவும் இருந்தால் அச்சில் வந்த கோளாறு. இரண்டுமே மங்கலாக இருந்தால் வேறு படம் கேளுங்கள்.

சூயிங்கம் கறை, பொட்டலத்தை ஒட்டிய மெழுகின் கறை, அச்சுப் புள்ளிகள் ஆகியவையும் பிறவிக் குறைகளே. கம் கறை பெரும்பாலும் பின்பக்கத்தில் பழுப்பாகப் படிந்திருக்கும். முன்பக்கம் மட்டும் காட்டும் விளம்பரத்தில் இது வெளியே தெரியாது.

கைபட்டு வந்த குறைகளில் மூலைகளைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். பெரிதாக்கிப் பாருங்கள். முனை கூராக இருக்கிறதா, லேசாக நார் பிரிந்து வெள்ளையாகத் தெரிகிறதா, உருண்டே போய்விட்டதா? இங்கே எந்த ஆண்டுக் கார்டு என்பது ரொம்ப முக்கியம். வெள்ளை பார்டர் உள்ள கார்டில் மூலை தேய்ந்தாலும் உள்ளிருக்கும் காகிதமும் வெளிர் நிறம்தான் என்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. 1971 டாப்ஸ் கறுப்பு பார்டர் கொண்டது. நகம் பட்டாலே மை உதிர்ந்து வெள்ளைப் பொட்டு விழும். 1955 போமன் கார்டுகள் மரச்சட்டம் போட்ட தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி வரையப்பட்டவை, 1962 டாப்ஸிலும் மர வரிகள், 1975 டாப்ஸில் இரட்டை வண்ணப் பார்டர். இவையெல்லாம் சிறு தேய்வையும் காட்டிக்கொடுக்கும். வெள்ளை பார்டர் உள்ள 1967 டாப்ஸ் ஒன்றைப் பார்க்கும் அதே கண்ணோடு 1971 கார்டைப் பார்த்தால் அநியாயமாக ஒதுக்கிவிடுவோம். அதேபோல, ஓரம் முழுக்க மை கலையாமல் கறுகறுவென்று இருக்கும் 1971 கார்டு மலிவாகக் கிடைத்தால் மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும். ஏன் என்று கீழே வருகிறேன்.

எது படத்தில் மறையும்?

மடிப்பு. இதுதான் இணையத்தில் வாங்குபவரை அதிகம் ஏமாற்றுவது. ஆழமான மடிப்பு எங்கும் தெரியும். பிரச்சினை மெல்லிய சுருக்கங்கள். ஸ்கேனர் கார்டின் மேல் சீராக ஒளி பாய்ச்சுவதால் நிழல் விழாமல் சுருக்கம் காணாமல் போய்விடும். மூலையும் சென்டரிங்கும் பார்க்க ஸ்கேன் அருமையான சாதனம், மேற்பரப்பைப் பார்க்க அதை நம்பவே கூடாது. சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து விளக்கு விழும்படி எடுத்த போட்டோவில்தான் சுருக்கம், கீறல், குழி எல்லாம் எழுந்து நிற்கும். அப்படி ஒரு படம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மெல்லிய மடிப்பு ஒன்று தெரிந்தால்கூடப் பொதுவாக மதிப்பெண் 4-ஐத் தாண்டுவது கடினம். அந்த ஒரு கோடு விலையில் பாதியையே தின்றுவிடக்கூடும் என்பதால் ஒரு படம் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

பின்பக்கத்தை எப்போதும் பாருங்கள். ஆல்பத்திலிருந்து பிய்த்தபோது காகிதம் உரிந்துபோன இடம், பசைத் தழும்பு, பென்சிலில் எழுதிய பெயர், ரப்பர் ஸ்டாம்ப், முன்பக்கம் தெரியாத சுருக்கம், எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கத்துக்கு நான்கு படமும் பின்பக்கத்துக்கு ஒன்றும் இல்லாமலும் போட்டிருந்தால் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.

ரா கார்டை முத்திரையில்லாத கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே எடுத்த படங்கள் இன்னொரு தொல்லை. தெரியும் கீறல் உறையில் உள்ளதா கார்டில் உள்ளதா என்று சொல்ல முடியாது. கார்டை வெளியே எடுத்து ஒரு படம் கேட்கலாம். பிறகு வெளிச்சம்: சிலர் படத்தின் பிரகாசத்தை ஏற்றிவிடுவார்கள், பழுப்பேறிய பார்டர் வெள்ளை வெளேரென்று மாறிவிடும். கார்டுக்குப் பின்னால் இருக்கும் மேசையையோ துணியையோ பாருங்கள். அதுவும் வெளுத்துப்போயிருந்தால் பார்டரின் நிறத்தை நம்பாதீர்கள். சிறிய, தெளிவில்லாத படம் மட்டுமே இருந்து, கேட்டும் வேறு வரவில்லையென்றால், கண்ணுக்குத் தெரியும் நிலையிலிருந்து இரண்டு படி கீழே என்று வைத்து விலை பேசுவது என் வழக்கம்.

தேய்மானத்தைவிடப் பயப்பட வேண்டியது

தேய்ந்த கார்டு உண்மையைச் சொல்லிவிடும். யாரோ சரிசெய்த கார்டுதான் பொய் சொல்லும். மழுங்கிய மூலையைக் கூராக்க ஓரத்தைச் சீவுவதை டிரிம்மிங் என்பார்கள். உதிர்ந்த மையின் மேல் மார்க்கர் பேனாவால் தீட்டுவது, சுருக்கத்தை அழுத்தித் தட்டையாக்குவது, ரசாயனத்தால் கறை போக்குவது, போன மூலையைக் காகிதக் கூழ் வைத்துக் கட்டி எழுப்புவது, இவையும் உண்டு. மதிப்பெண் தரும் நிறுவனங்கள் இப்படிச் செய்தது தெரிந்தால் எண்ணே தராமல் திருப்பிவிடும், அல்லது அசல் என்பதை மட்டும் குறித்துக் கொடுக்கும்.

இதில் மிகப் பிரபலமான கதை, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் டி206 கார்டு ஒன்றினுடையது. 1991-இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் ஆடிய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து அதை 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ மதிப்பெண் கொடுத்த முதல் கார்டும் அதுதான், கிடைத்தது 8. எண்பது வருடச் சிகரெட் கார்டுக்கு அவ்வளவு கூரான ஓரங்களா என்று சேகரிப்பவர்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 2013-இல், முன்பு அந்தக் கார்டைக் கைமாற்றிய ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ, தானே ஓரத்தைச் சீவியதாக நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். பெரிய நிறுவனத்தின் ஸ்லாப்பும் நம் கண்ணுக்கு மாற்று ஆகாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அப்படியானால் வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் நம்பும் வழி ஒன்று உண்டு: கார்டின் எல்லாப் பகுதியும் ஒரே அளவில் வயதாகியிருக்கிறதா என்று பாருங்கள். மேற்பரப்பு தேய்ந்து, பின்பக்கம் அழுக்கேறி, நடுவில் சுருக்கம் விழுந்த கார்டுக்கு நான்கு மூலை மட்டும் ஊசி போல இருக்க முடியாது. மூன்று ஓரம் சற்று நார்நாராக இருந்து நான்காவது ஓரம் மட்டும் வழுவழுவென்று இருந்தால் அந்த ஓரத்தில் கத்தி பட்டிருக்கலாம். கறுப்பு பார்டரின் மையில் ஓரிடம் மட்டும் அதிகம் மினுங்கினாலோ, கார்டின் பக்கவாட்டு வெட்டுமுகத்தில் கறுப்புக் கசிந்து தெரிந்தாலோ மார்க்கர் வேலையாக இருக்கலாம். பக்கவாட்டில், அட்டையின் தடிமன் தெரியும்படி ஒரு படம் கேட்டால் இதைப் பார்த்துவிடலாம்.

அளவும் உதவும். 1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டுகள் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். 1957-இலிருந்து 2½-க்கு 3½. அதே வரிசையின் சாதாரண கார்டு ஒன்றின் மேல் இந்தக் கார்டை வைத்துப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், சீவியிருந்தால் அடியிலுள்ள கார்டின் ஓரம் எட்டிப் பார்க்கும். ஆனால் அவசரப்பட்டுக் குற்றம் சாட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்து வெட்டு அவ்வளவு துல்லியமில்லை, அச்சகத்திலிருந்தே கொஞ்சம் குறைவாக வந்தவையும் உண்டு. அளவும் குறைந்து ஓரமும் சந்தேகமாக இருந்தால்தான் விலக வேண்டும்.

எல்லாத் தலையீடும் ஒரே தட்டில் வைக்கத் தக்கதல்ல. ஆல்பத்தில் ஒட்டியிருந்த டி206 கார்டை வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பசையைக் கழற்றுவதைப் பழைய சேகரிப்பாளர் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். அதையே ரசாயனத்தில் வெளுக்கவைத்தால் ஏற்பதில்லை. என் பார்வையில், விற்பவர் அதை வெளிப்படையாகச் சொல்கிறாரா என்பதுதான் கோடு.

சீவுதலைத் தவிர, முழுப் போலியும் மறுபதிப்பும் உண்டு. டாப்ஸ் நிறுவனமே 1983-இல் 1952 வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது. அது 2½-க்கு 3½ அளவில் இருக்கும், மறுபதிப்பு என்ற குறிப்பும் பின்பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்தைக் காட்டாமல் '1952 மேன்டில்' என்று விற்கும் விளம்பரத்தை உடனே கடந்துபோகலாம். வேறு போலிகளுக்கு ஒரு சோதனை: பழைய கார்டில் படம் வண்ணப் புள்ளிகளால் ஆனது, ஆனால் கறுப்பு எழுத்தும் கோடும் திடமான மை. அசலைப் படமெடுத்து மறுபடி அச்சடித்த போலியில் எழுத்துகூடப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். பெயர் எழுத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த ஒரு படம் போதும்.

ஸ்லாப்பில் இருந்தால்?

வேலை குறையும், ஆனால் முடிந்துவிடாது. உறையில் உள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஆட்டக்காரர், ஆண்டு, மதிப்பெண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும், படம் இருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணைத் திருடிப் போலி உறையில் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் படத்தோடு ஒப்பிடுவது முக்கியம். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுத்துகள் இருந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். ஓ.சி என்றால் சென்டரிங் தவறியது, எஸ்.டி என்றால் கறை, எம்.கே என்றால் எழுதியது அல்லது குறியிட்டது. 8 என்று பெரிதாகவும் பக்கத்தில் ஓ.சி என்றும் இருக்கும் கார்டைச் சந்தை 8 ஆக மதிப்பதில்லை, சுமார் இரண்டு படி இறக்கித்தான் பேசும்.

ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு கார்டுகள் ஒன்றுபோல் இருக்காது. ஒரு 4, நேர்த்தியான சென்டரிங்கும் பளிச்சென்ற வண்ணமும் இருந்து, பின்பக்கச் சுருக்கம் ஒன்றால் மட்டும் இறங்கியிருக்கலாம். இன்னொரு 4, முகத்தின் குறுக்கே மடிப்போடு இருக்கலாம். இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால் முதலாவதை எடுங்கள். உறையை வாங்காதே, கார்டை வாங்கு என்று சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்வது இதைத்தான். எனக்குத் தெரிந்து இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பயனுள்ள பேச்சு இல்லை.

ரா கார்டு என்றாலே சந்தேகப்பட வேண்டுமா? இல்லை. மதிப்பெண் வாங்கப் பணம் ஆகும். ஐந்து டாலர் கார்டை யாரும் அனுப்பமாட்டார்கள். ஆனால் 1952 மேன்டில் மாதிரி பெரிய விலைக் கார்டு, பார்க்க 7 போலவே இருந்தும் உறையில்லாமல் வந்தால், இவ்வளவு லாபத்தை விற்பவர் ஏன் விட்டுவைத்தார் என்று கேளுங்கள். முன்பே அனுப்பி, சீவியது என்று திரும்பி வந்ததாகவும் இருக்கலாம்.

வாங்குவதற்கு முன் திருப்பி அனுப்பும் விதியைப் படித்துவிடுங்கள். ஈபேயில் பொருள் விவரித்தபடி இல்லையென்றால் வந்து சேர்ந்த 30 நாளுக்குள் முறையிடலாம். அதனால் கார்டு வந்த அன்றே வேலையை முடியுங்கள்: மேசை விளக்கடியில் பல கோணத்தில் சாய்த்துப் பாருங்கள், அளந்து பாருங்கள், விளம்பரப் படத்தோடு ஒவ்வொரு மூலையையும் ஒப்பிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டு என்றால் புற ஊதா விளக்கு ஒன்றும் பயன்படும். அந்தக் காலக் காகிதத்தில் இன்றுள்ள வெளுப்பூட்டிகள் கிடையாது. 'டி206' ஒன்று அந்த விளக்கில் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது பின்னால் தயாரித்த தாள்.

முதல் கார்டாகப் பெரிய பெயர் எதையும் தேட வேண்டாம். 1964, 1967 அல்லது 1969 டாப்ஸில் சாதாரண ஆட்டக்காரர் ஒருவரை, 4 அல்லது 5 நிலையில், சில டாலர் கொடுத்து வாங்குங்கள். முடிந்தால் ஒரே வரிசையில் நிலை வேறுபட்ட மூன்று நான்கு கார்டுகள். அவற்றை நீங்களே ஸ்கேன் செய்து, பிறகு சாய்த்துப் போட்டோவும் எடுத்து, கையிலுள்ள கார்டோடு வைத்துப் பாருங்கள். எந்தச் சுருக்கம் ஸ்கேனில் காணாமல் போகிறது, எந்த மூலை திரையில் உள்ளதைவிட மோசமாகத் தெரிகிறது என்று உங்கள் கண்ணே பிடித்துக்கொள்ளும். 1971 கறுப்பு பார்டர் கார்டுகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.